தூண் பதினான்கிலிருந்து கணவாய் வரை

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அந்த நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில் விடப்படும் சாபங்களில் முக்கால்வாசி அவருக்குச் சேர வேண்டியவை. அவர் யாரென்று யாருக்கும் தெரியாததால் அவை ஓட்டுநர்களின் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தன. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று தாளில் எழுதுபவர் அவர்தான். பணிமனையின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். பணிமனையில் அவருக்கு அட்டவணை என்றே பெயர். அட்டவணை சாப்பிடப் போயிருக்கிறார், அட்டவணைக்கு இன்று தலைவலி என்று பேசிக்கொள்வார்கள். அவருக்கும் அது பழகிப்போய், சில சமயம் தொலைபேசியை எடுத்ததும் தானே "அட்டவணை பேசுறேன்" என்று சொல்லிவிடுவார்.

முதல் வண்டி கிளம்பும்போது அவர் அங்கே இருந்தாக வேண்டும். மாலை நெரிசல் ஓய்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்; ஆனால் எங்காவது ஒரு வண்டி பழுதாகி நிற்கும், காதில் போனோடு பால்கனிக்குப் போய்விடுவார். நாலரை வயது மகள் கண் விழிப்பதற்குள் அப்பா கிளம்பியிருப்பார். அவள் தூங்கிய பிறகு வந்து சேருவார். நகரத்தில் யார் யாரை எங்கே எத்தனை மணிக்குச் சந்திக்கலாம் என்று ஏற்பாடு செய்யத் தெரிந்தவருக்கு, ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரின் நேரத்தைப் பொருத்த வரவில்லை.

மகளை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். மழலையர் பள்ளியில் ஒருநாள் எல்லோரையும் அப்பா படம் வரையச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் மீசையும் கண்ணாடியும் தொப்பையும் வரைந்தபோது சுண்டெலி ஒரு ஜோடி ஷூ வரைந்தாள். கறுப்பு ஷூ. கயிறு கோக்கும் துளைகளின் எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. அப்பா எங்கே என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். இதுதான் அப்பா, ஷூ வாசலில் இருந்தால் தூங்குகிறார், இல்லாவிட்டால் ஆபீஸ் என்று சுண்டெலி பொறுமையாக விளக்கியிருக்கிறாள்.

அவர் மனைவிக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவள். அவள் அந்தப் படத்தை வாங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில், சரியாக அவர் கண் உயரத்துக்கு ஒட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பார்.

மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்கப் போனவர் அந்த ஷூக்களின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "சுண்டெலியைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போலாமா? பனி பார்த்துட்டு வரலாம்" என்றார்.

மலை என்றால் நகரத்துக்கு வடக்கே இருக்கும் பெரிய மலைத்தொடர். காரில் போனால் மூன்றே முக்கால் மணி நேரம். அடிவாரத்திலிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் உச்சியில் கணவாய். அங்கேதான் பனி. அந்த மாதக் கடைசியோடு கணவாயை மூடினால் அடுத்த வசந்தத்தில்தான் திறப்பார்கள். மேலதிகாரி கொடுத்த விடுப்பு ஒரே ஒரு சனி, ஒரே ஒரு ஞாயிறு. அதுவே மூடுவதற்கு முந்தைய கடைசி வாரக்கடைசியாக அமைந்தது. இதைத் தவறவிட்டால் சுண்டெலிக்கு இன்னும் ஆறு மாதம் அப்பா என்றால் ஷூதான்.

இவ்வளவு முக்கியமான காரியத்தை அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினார். அட்டவணை போட்டார்.

காலை 6.10 புறப்பாடு. 6.52 பெட்ரோல் நிலையம், சிறுநீர், நான்கு நிமிடம். 7.40 வாழைப்பழம், ஏழு நிமிடம் (உரிப்பது உட்பட). 8.35 அடிவாரம். 8.35 முதல் 9.55 வரை வளைவுகள். 9.55 கணவாய். பனி, முப்பத்தைந்து நிமிடம். இரவு அடிவார விடுதி. அழுகைக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, போக ஆறு நிமிடம், வர ஒன்பது நிமிடம் கொடுத்திருந்தார்.

மனைவி கடைசிவரை படித்தாள். "பனி முப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்களே. முப்பத்தாறாவது நிமிஷம் யாராவது வந்து சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

அவள் தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். மாதம் நான்கு முறை அந்த மலை ஏறி இறங்குகிறவன். அவனும் தாளை வாங்கிப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பினான். "இதுல நான் எந்த ஸ்டாப்புல ஏறணும் மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அட்டவணை இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறு. பணிமனையில் ஒரு நடைமுறை உண்டு. வெள்ளோட்டம் விடாமல் எந்தப் புதிய அட்டவணையும் பலகை ஏறாது. ஆட்களுக்குப் பதிலாக இருக்கைகளில் மணல் மூட்டைகளை வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கதவைத் திறந்து மூடி, அவரே கையில் கடிகாரத்தோடு கடைசிவரை போய்வருவார். பதினோரு வருடத்தில் ஒரு மணல் மூட்டைகூட அவரிடம் குறை சொன்னதில்லை. மலைக்கு இரண்டு தடவை போக விடுப்பு இல்லை. வெள்ளோட்டம் விடாமல் கிளம்ப மனசும் இல்லை.

பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை பணிமனையில் மதியத்துக்கு மேல் மின்சாரம் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். மனைவி கடையில் இருந்தாள். அவர் பக்கத்து வீட்டிலிருந்து சுண்டெலியை அழைத்துக்கொண்டு, நேராக அடுக்ககத்தின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கினார். அங்கே பதினான்காம் எண் தூணுக்குப் பக்கத்தில் அவர்கள் கார், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. அவளைப் பின்னால் குழந்தை இருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினார். முன்னால் ஏறி, கடிகாரத்தைப் பார்த்து, "புறப்பாடு" என்றார்.

வண்டி அசையவில்லை. சாவியே போடவில்லை.

முதல் பத்து நிமிடம் அவர் மும்முரமாகக் குறிப்பெடுத்தார். பிறகு சுண்டெலி, "இப்ப என்ன வருது?" என்று கேட்டாள். பதில் சொல்லாவிட்டால் அழுகை நேரம் வீணாகத் தொடங்கிவிடும் என்பதால், பாலம் என்றார். பாலத்துக்குக் கீழே என்ன என்றாள். ஆறு. ஆற்றில் என்ன. ஒரு வாத்து. அது எங்கே போகிறது. அவர் திரும்பி உட்கார்ந்தார். முன்பக்கம் பார்க்க ஈரம் பூத்த சுவரைத் தவிர ஒன்றுமில்லை. ஓட்டுகிற வேலையும் இல்லை. வாத்து எங்கே போகிறது என்பதை விலாவாரியாகச் சொன்னார்.

நிறுத்தம் வந்தபோதெல்லாம் இருவரும் இறங்கித் தூணைச் சுற்றிவந்து ஏறிக்கொண்டார்கள். வாழைப்பழம் பதினாறு நிமிடம் எடுத்தது. வளைவுகள் வந்தன. இடது என்றதும் இருவரும் இடதுபக்கம் சாய்ந்தார்கள். வலது என்றதும் வலதுபக்கம். எண்ணிக்கொண்டே வந்த சுண்டெலி பன்னிரண்டு தாண்டியதும் ஏழுக்குத் திரும்பினாள். சுவரிலிருந்த ஈரக்கறை மலையாகிவிட்டது. அதன் நுனியில் சுண்ணாம்பு உரிந்த இடம் கணவாய்.

வாட்டசாட்டமான ஆள் ஒருவர் ஓடாத காருக்குள் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்ட காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், ஏதாச்சும் பிரச்சனையா?"

"மலைக்குப் போறோம் மாமா. வழியில நிக்காதீங்க" என்றாள் சுண்டெலி. காவலாளி ஒதுங்கி நின்று சலாம் வைத்தார்.

கணவாய் வந்தது. பனிக்கு வெள்ளோட்டம் தேவையில்லை என்று அவர் அந்த வரியை விட்டிருந்தார். சுண்டெலி விடவில்லை. பனி எங்கே என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவளைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று மாடி ஏறி ஓடினார். குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் மாதக்கணக்கில் சேர்ந்திருந்த பனிக்கட்டியை, சுத்தம் செய்யச் சொல்லி மனைவி எத்தனையோ முறை கேட்டிருந்த அந்தப் பனிக்கட்டியை, கரண்டியால் சுரண்டிக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மூவருமாக அதை உருட்டினார்கள். காவலாளி பங்கில் ஒரு சிறு பொம்மை தேறியது.

மாலையில் மனைவி வந்தபோது அவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மொத்தத் தாமதம் ஐம்பத்திரண்டு நிமிடம். காரணம்: வாத்து, வாழைப்பழம், பனி. அடுத்த வாரத்துக்கான புதிய அட்டவணையில் எல்லாவற்றையும் சரிக்கட்டியிருந்தார். "சக்சஸ்" என்றார். சுத்தமாக இருந்த மேலறையைத் திறந்து பார்த்த மனைவியும் ஆமாம் என்றாள்.

புதிய அட்டவணைப்படி அடுத்த சனிக்கிழமை காலை 5.45-க்கு வண்டி தயார். பெட்டிகள் ஏறியாயிற்று. குட்டி ஷூ மாட்டியாயிற்று. சுண்டெலி காருக்கு முன்னால் வந்து நின்று, எங்கே போகிறோம் என்று கேட்டாள்.

"மலைக்குடா கண்ணு."

"அதான் போயிட்டு வந்துட்டோமே."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு விளையாட்டுக்குப் போனோம், இன்றைக்குத்தான் நிஜம் என்று விளக்கினார். எது விளையாட்டு என்று அவள் கேட்டாள். பாலம் பார்த்தாயிற்று, வாத்து பார்த்தாயிற்று, பனி தொட்டாயிற்று. பள்ளியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஆசிரியை கைகூடத் தட்டினார். பார்த்த இடத்துக்கே எதற்கு மறுபடியும் போக வேண்டும், கடற்கரைக்குப் போகலாமே என்றாள். நியாயமான கேள்விதான். வண்டியைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த வண்டி போடத் தெரிந்தவர், ஏற்கெனவே போய்ச்சேர்ந்துவிட்ட பயணிக்குத் தாளை எடுத்துப் புறப்பாட்டு நேரத்தைக் காட்டினார்.

கடைசியில் மனைவிதான் ஏதோ காதில் சொல்லித் தூக்கி உட்காரவைத்தாள். புறப்பாடு 7.20. அழுகைக்கு ஒதுக்கிய நேரம் தெருமுனையிலேயே தீர்ந்துபோயிற்று.

வழியில் பாலம் வந்தது. "வாத்து எங்கப்பா?" என்ற குரலுக்கு அவர் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் லாரி. "இப்ப என்ன வருது?" என்றது குரல். "கொஞ்ச நேரம் பேசாம வாடா, அப்பா ரோட்டைப் பார்க்கணும்" என்றார். வளைவுகளில் யாரும் சாயவில்லை. இழுத்த இழுப்புக்குத் தலைகள் தானாகவே சாய்ந்தன. நான்காவது வளைவில் வாழைப்பழம் வெளியே வந்துவிட்டது. அதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

"அப்பாவுக்கு இன்னிக்கு மூஞ்சியே இல்ல. முடிதான் இருக்கு" என்று பின்னாலிருந்து அம்மாவிடம் புகார் போயிற்று.

அட்டவணைக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. ஷூவிலிருந்து முடிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து ஓட்டினார். கணவாய்க்குப் போய்ச்சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். முப்பத்தைந்து நிமிடம் முழுக்க முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

பத்தொன்பதாவது வளைவில் முன்னால் போன வண்டி நின்றது. அதற்கு முன்னாலும் வண்டி. கண்ணுக்கு எட்டியவரை வண்டி. நகரத்தில் யாருக்கு எப்போது அவசரம் என்று தினமும் கணக்குப் போடுகிறவர், மூடுவதற்கு முந்தைய கடைசி வாரக்கடைசி மற்றவர்களுக்கும் அதுதான் என்பதை யோசிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வண்டி வண்டியாகச் சொல்லிக்கொண்டே இறங்கிவந்தார். மேலே பனிப்புயல். கணவாயை இப்போதே மூடிவிட்டார்கள், இனி வசந்தத்தில்தான். கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறோம், இரண்டு மணி நேரமாவது ஆகும், எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

அவர் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. வளைவில் திரும்பிய வாக்கில் நின்றிருந்ததால் முன்கண்ணாடியில் ஈரம் வழியும் பாறை ஒன்று மட்டும் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தார். அதன்படி அவர்கள் இப்போது பனியை முடித்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா" என்றது பின்னாலிருந்து. குரலில் புதிதாக ஓர் உற்சாகம். "வண்டி நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

"அப்ப ஆரம்பி."

அவர் திரும்பி உட்கார்ந்தார். சுண்டெலி இருக்கையில் நிமிர்ந்து, வாரைச் சரிசெய்து, தயாராக இருந்தாள். "இப்ப என்ன வருது?"

இருபதாவது வளைவு வந்தது. இடது. இருவரும் சாய்ந்தார்கள். மனைவி சாயவில்லை; இருபத்திரண்டாவதில் அவளும் சாய்ந்தாள். அன்றைக்கு எங்கோ போன வாத்து இருபத்து நான்காவது வளைவில் குடும்பத்தோடு திரும்பிவந்தது. கணவாய் வந்ததும் அவர் இறங்கிப்போய், தடுப்புச்சுவர் ஓரத்தில் மண்ணும் பனியுமாகக் கிடந்ததை டிபன் மூடியில் அள்ளிவந்தார். சுண்டெலி தொட்டுப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டுப் பனிதான் வெள்ளை என்று தீர்ப்புச் சொன்னாள். பின்னால் நின்ற காரிலிருந்தவர்கள் இவர்கள் ஆடுவதைப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று வந்து கேட்டார்கள்.

பாறையை அவர் எத்தனை நிமிடம் பார்க்கவில்லை என்பதற்குக் கணக்கு இல்லை. மஞ்சள் சட்டைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, உங்கள் முறை, திருப்புங்கள் என்றபோது பின்னிருக்கையிலிருந்து ஆட்சேபம் எழுந்தது.

திங்கட்கிழமை பணிமனையில் மேலதிகாரி பயணம் எப்படி என்று விசாரித்தார். கணவாய்க்கு எட்டு வளைவு முன்னாலேயே திரும்பிவிட்டோம் என்றார் அட்டவணை. அடடா, போன காரியம் ஆகவில்லையே என்று மேலதிகாரி வருத்தப்பட்டார். அன்றைக்கு மாலை நெரிசல் ஓய்வதற்குள் அவர் எழுந்து கிளம்பியதைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் புதுப் படம் வந்திருந்தது. கார், அதற்குள் ஒருவர். பெரிய முகம், இரண்டு கண், பல் தெரியும் சிரிப்பு. ஆனால் ஸ்டீயரிங் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஓரத்தில் ஆசிரியையின் குறிப்பு: வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பக் கூடாது என்று பெற்றோர் குழந்தைக்குச் சொல்லித்தரவும்.

"மிஸ் சொல்றது சரிதானே? இப்படித் திரும்பி உக்காந்துக்கிட்டு யாராவது வண்டி ஓட்டுவாங்களாடீ?" என்று மனைவி மகளைக் கேட்டாள்.

சுண்டெலி படத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் தான் வரைந்திருந்த தூணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வண்டி எங்கம்மா ஓடுது? நிக்குது."