ஓவனுக்குள் ஒரு பிடி நெல்

ஓவன், மிக்ஸி சர்வீஸ் கடையில் கருகிய வாசனை வரலாம், பொரி வாசனை வரக் கூடாது. அன்றைக்கு வந்தது. ஓவனுக்குள் நெல் படபடவென்று வெடிக்கிறது, நானும் ஆரோக்கியமும் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறோம், முதலாளி பாய் தொழுகை முடிந்து படியேறி வருகிறார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்களே, அந்த நேரத்துப் பயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொரி

ஆரோக்கியம் என்னோடு பிளஸ் ஒன் படித்தவன். அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டதும் நான் நின்றுவிட்டேன், அவன் பிளஸ் டூ போனான். அதில் கதை ஒன்றும் இல்லை. அவன் வீட்டு நெல்லை ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். அங்கேதான் எங்களுக்கு யோசனை வந்தது. நெல்லை எடை போட்டு, ஓவனில் காயவைத்து, மறுபடி எடை போட்டால் குறைந்தது எவ்வளவோ அதுதான் ஈரம். வீட்டிலேயே பார்த்துவிட்டு மூட்டையை ஏற்றலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதுதான் என்று முடிவு செய்தோம். ‘முடிவு செய்தோம்’ என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். கண்காட்சி அவனுடையது.

சூட்டைக் குறைத்து, விட்டு விட்டு வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் முழுச் சூட்டில் வைத்துவிட்டேன். பாதி பொரிந்தது, பாதி கருகியது. பாய் ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டார். “கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கே தம்பி, அதுக்குள்ள என்ன?”

அப்பளம்

எங்கள் ஊர் கூத்தாநல்லூரில் பாதி வீட்டில் துபாயிலிருந்து வந்த ஓவன் இருக்கும். ஒரு அம்மா தன் வீட்டு ஓவனைக் கொண்டுவந்தார். பிரியாணி ஒரு ஓரம் நாக்கைச் சுடுகிறதாம், மறு ஓரம் ஐஸாக இருக்கிறதாம். விசாரித்தால், பெரிய பீங்கான் தட்டு இடிக்கிறது என்று சுற்றும் கண்ணாடித் தட்டையே கழற்றிப் பரணில் போட்டிருக்கிறார்.

ஒரு பச்சை அப்பளத்தைச் சுற்றும் தட்டு இல்லாமலே உள்ளே வைத்துக் காட்டினேன். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பொரிந்தது, மற்ற இடம் பச்சையாகவே கிடந்தது. மைக்ரோவேவ் அலை சேருகிற இடத்தில் சூடு, சேராத இடத்தில் இல்லை, அதனால்தான் தட்டு சுற்ற வேண்டும் என்றேன். இதையும் ஆரோக்கியத்திடம் சொல்லிக் கண்காட்சியில் சேர்க்க வேண்டும் என்று மனசு அங்கே ஓடிவிட்டது. அந்த அம்மா அப்பளத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார்: “எந்த ஸ்கூலுப்பா நீ? லீவுக்கு வந்திருக்கியா?”

பெஞ்சு

ஆரோக்கியம் பிசிக்ஸ் மிஸ்ஸிடம் என் பேரைச் சொல்லியிருக்கிறான். மிஸ் கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு மிக்ஸி ஜார், அது சும்மா சாக்கு.

கண்காட்சி மேஜைக்குப் பின்னால் ரெண்டு பேர் நிற்கலாமா என்று கேட்டேன். நிற்கலாம், ஆனால் பள்ளியில் படிப்பவர்களாக இருக்க வேண்டும் என்றார். எனக்குப் பரிசு வேண்டாம். யாராவது வந்து ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கடையில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். நான் ஜாரைத் துடைத்துக் கொடுத்தேன். மிஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்: “கிளாஸ் பெஞ்சுல உன் இடத்துல இன்னும் யாரையும் உக்கார வைக்கலடா.”

டெலிவரி

கண்காட்சிக்கு ஓவன் கொடுத்தது பாய்தான். கொண்டுபோனது நான். அன்றைக்கு மட்டும் கறை இல்லாத சட்டை போட்டிருந்தேன். “இறக்கி வெச்சுட்டு உடனே திரும்பிடு, நாலு மிக்ஸி கெடக்கு” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இறக்கினேன். பிளக்கைச் செருகினேன். ஆரோக்கியம் அப்பளத்தை வைத்தான், திட்டுத் திட்டாகப் பொரிந்தது. பார்க்க வந்த ஒரு சார் குனிந்து பார்த்துவிட்டு, “இது ஏன் அங்கங்க மட்டும்? யார் சொல்றீங்க?” என்றார். ஆரோக்கியம் நகர்ந்து, மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டான்.

பாய் சொன்ன ரெண்டு வேலையில், இறக்கி வைப்பதை மட்டும்தான் அன்றைக்குச் செய்தேன்.