மாமியார் வராத ஒமுக்வோ

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் இகென்னா லொறி ஓட்டுகிறவன். ஆறடி இரண்டங்குல உயரம். நைஜீரியாவின் எனுகுவில் அவன் வளர்ந்த வீட்டில் ஆண்கள் அடுப்படிக்குள் நுழைந்தால் அக்காமார் சிரித்துத் துரத்திவிடுவார்கள். கனடாவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் அவனுக்கு முட்டை பொரிக்க மட்டுந்தான் தெரிந்திருந்தது.

அவனுடைய இக்போ இனத்தவர் வீடுகளில் பிள்ளை பிறந்தால் பெண்ணின் தாய் வந்து மூன்று மாதம் தங்குவாள். பெற்றவளுக்குச் சுடுநீர் ஒற்றடம் கொடுத்து, மிளகுச் சூப் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவாள். அதற்கு ஒமுக்வோ என்று பெயர். ஆண்களுக்கு அதில் வேலையே இல்லை. இகென்னாவின் மாமியாரும் பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்தார். விசாதான் வரவில்லை.

பெண் குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று மனைவி சினேலோ கட்டிலில் இருந்து அழுதாள்.

"இனி என்னை ஆர் பாக்கிறது?"

"நான்தான்" என்றான் இகென்னா.

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அடுத்த நாளே சூப் வைத்தான். மாமியார் போனில் சொன்ன மிளகாயை எண்ணாமல் அள்ளிப் போட்டு வறுத்ததில் வீடெல்லாம் புகைந்து, அலாரம் அடித்தது. பக்கத்து வீட்டு கோணேஸ்வரி ஓடிவந்து கதவைத் தட்டினாள். மட்டக்களப்பிலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவள். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத்தான் அவனோடு பேசுவாள்.

"என்ன தம்பி, வீடு எரியுதோ?"

"இல்லை அன்ரி, சூப்."

அவள் சட்டியை மணந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்கு இவ்வளவு உறைப்புக் குடுக்கேலாது. நில்லும், காயச் சரக்கு அரைச்சுக் கொண்டு வாறன்" என்று போனாள். மிளகும் மல்லியும் உள்ளியும் மஞ்சளும் சேர்த்து அரைத்து வந்து, மீன் சாற்றில் கரைத்துக் கொதிக்கவிட்டாள். சினேலோ ஒரு வாய் குடித்தாள். "இது அம்மான்ர சூப் இல்லை. எண்டாலும் இன்னொரு கோப்பை தாங்கோ."

இரண்டு கிழமையில் இகென்னாவுக்கு ஒற்றடம், சூப், குளிப்பாட்டல் எல்லாமே கைவந்துவிட்டன. அந்த மாத இக்போ சங்கக் கூட்டத்துக்குக் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போனான். சங்கத்தின் மூத்தவர் ஒசிட்டா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஒமுக்வோ பொம்பிளையளின்ர வேலை. நீ மாமியாராகிட்டியோ?"

மண்டபம் சிரித்தது. இகென்னாவின் காது சுட்டது.

"ஓம், விசா வருமட்டும் நான்தான் மாமியார்" என்றான்.

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஒமுக்வோ முடிந்ததும் மருமகன் மாமியாருக்கு நல்ல துணி வாங்கிக் கொடுத்து அனுப்புவது வழக்கம். மூன்றாம் மாதம் எனுகுவிலிருந்து அவனுக்கொரு பார்சல் வந்தது. உள்ளே நீலப் பூப்போட்ட துணி இரண்டு. "வேலை செய்தது நீர். அப்ப துணியும் உமக்குத்தான்" என்றார் மாமியார் போனில். சினேலோ சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலிக்கிறது என்றாள்.

அதில் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் அடுத்த கூட்டத்துக்குப் போனான். ஒசிட்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பின்னால் வந்தார்.

"என்ர மருமகளுக்கு ஜூனில பிள்ளை பிறக்குது. அவளுக்குத் தாயில்லை. மகனுக்குத் தேத்தண்ணியும் போடத் தெரியாது" என்று மெல்லிய குரலில் இழுத்தார்.

இகென்னா கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"அவனையும் ஏத்திக்கொண்டு என்ர வீட்ட போவம். சூப்பில இருந்து தொடங்கலாம்."