வழி சொல்லும் கேள்விக்குப் பத்து மதிப்பெண்

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள் நான். இதுவரை மனுக்களைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. அவற்றிலும் பாதி, மாதிரியைப் பார்த்து எழுதியவை. ஆனால் ஒரு பரீட்சையைப் பற்றி மட்டும் சொல்ல இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் தவறினேன். அந்த வருஷமே அப்பா இறந்துபோனார். திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். வாரிசு வேலை எனக்குக் கிடைக்கும் என்றார்கள். பத்தாவது தேறியிருந்தால் மேஜையில் உட்கார்ந்து எழுதும் வேலை. இல்லாவிட்டால் எட்டாவது படிப்புக்கு உரிய வேலை, அதாவது அப்பா பார்த்ததே. பெல் அடித்தால் ஓடவேண்டும், ஃபைல் தூக்கவேண்டும், டீ வாங்கி வரவேண்டும். மூன்று வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். மறுபடி மறுபடி எழுதியும் தேறவில்லை. கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். மலைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கடை முன்னால் நின்று வழி கேட்பார்கள். அம்மா என்னை முன்னே தள்ளுவாள்.

“கோ ஸ்ட்ரெய்ட். டேங்க் கம்மிங். நோ லெஃப்ட். ரைட் சைடு ஸ்மால் டெம்பிள். டெம்பிள் பேக் சைடு, ரோடு,” என்பேன்.

ஊர்க்காரர்களிடம் பேசக் கூசும் எனக்கு அவர்களிடம் கூச்சம் வராது. வழி தப்பிவிட்டது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

“இவ்ளோ பேசற, பேப்பர்ல எழுதறதுக்கு இன்னா?” என்பாள் அம்மா.

“அது வேறம்மா. இத அங்க கேக்க மாட்டாங்க.”

டவுனில் ஒரு டுடோரியலில் சேர்த்துவிட்டாள். லாட்ஜுக்கு மேல்மாடி. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். சாரின் முறை எளிமையானது. மூன்று கடிதம், மூன்று கட்டுரை, கமா விடாமல் மனப்பாடம். கேள்வி மாறி வந்தாலும் தெரிந்ததைத்தான் எழுத வேண்டும்.

“திருத்தறவரு ஒரு நாளைக்கு எத்தினி பேப்பர் பாப்பாரு? பக்கம் ரொம்பியிருக்குதா, தப்பில்லாம இருக்குதா, அவ்ளோதான். சொந்தமா எழுதறேன்னு எறங்கிடாதீங்க.”

ஒருநாள் நான் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி. சார் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார்.

“ஏம்மா, இது இங்கிலீஷா, இட்லிக் கடையா?”

பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “ரெண்டு பார்சல் சார்,” என்றான். சாரும் சேர்ந்து சிரித்தார்.

அன்றிலிருந்து, புத்தகக் கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தைப் பஸ்ஸிலும் கடையிலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். தாங்கள் அனுப்பிய நான்கு புத்தகங்களில் இரண்டு கிழிந்திருக்கின்றன, மாற்றித் தரவும் என்பது கடிதம். நான் தபாலில் புத்தகம் வாங்கியதே இல்லை.

பரீட்சை அன்று கேள்வித்தாளைத் திருப்பினேன். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் பஸ் நிலையத்தில் நின்று கோயிலுக்கு வழி கேட்கிறார், என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தது. பத்து மதிப்பெண். உடனே எழுத ஆரம்பித்தேன். ஏழெட்டு வரி ஓடியது. பிறகு படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க அது சாரின் குரலாக மாறியது. அடுத்து யாராவது பார்சல் கேட்பார்கள் போல இருந்தது.

வாயால் சொன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதே வார்த்தைகள் தாளில் அசிங்கமாகக் கிடந்தன. பேசவிட்டுப் பரீட்சை வைத்தால் என்ன என்று என் வாழ்க்கையில் நான் நினைத்தது அன்று ஒருநாள்தான். அங்கே பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக அடித்தேன். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“மெதுவாம்மா, பேப்பர் கிழிஞ்சிடப் போவுது. குறுக்க ஒரு கோடு போட்டா போதும்.”

போட்டேன். அதற்குக் கீழே புத்தகக் கடைக்காரருக்கான கடிதத்தை எழுதினேன். ஒரு கமாகூட விடவில்லை.

மார்க் ஷீட்டில் முப்பத்தொன்று இருந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். டுடோரியல் சாரிடம் போய், கேட்டதையும் எழுதியதையும் சொன்னேன்.

“வழி கேட்டா வழியத்தானம்மா சொல்லணும்? அதுக்குப் போயி புக் லெட்டர எழுதுவாங்களா?” என்றார்.

தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினேன்.

கடையில் அம்மா மார்க் ஷீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“எத்தினி கம்மி?”

“நாலு.”

“நாலுதானா,” என்றாள்.

அந்தக் கேள்வியைப் பற்றி அவளிடம் நான் சொல்லவேயில்லை.

மறுநாள் எட்டாவது படித்த சான்றிதழை எடுத்துக்கொண்டு, அப்பா இருந்த ஆபீஸுக்கு இருவரும் போனோம். மனுவில் பியூன் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.