நார்மல் என்று நான் எழுதிய குரல்

செல்லத்தாய் அக்காவின் பெயர் போனில் தெரிந்தபோது கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எடுத்தேன். கனத்த, கரகரத்த குரல். “என்னக்கா, இன்னைக்கு லீவா?” என்று கேட்டேன். பேசியது அவருடைய கணவர். அக்கா காலையில் இறந்துவிட்டார் என்றார். ஒரு பெண்ணின் குரலையும் அவள் கணவனின் குரலையும் பிரித்தறியாத நான், குரலை வைத்து நோய் கண்டுபிடிக்கும் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவன்.

அவரோடு வேலை பார்த்த ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கு அந்த அறை தெரியும். தைராய்டு சுரப்பு குறைந்தால் குரல் தடிக்கும். ரத்தம் எடுக்கும் முன்பே கம்ப்யூட்டர் அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அக்கா அட்டெண்டர். ஃபேனை நிறுத்துவார், வராந்தாவில் பேசுகிறவர்களை விரட்டுவார், வந்தவர்களை மூச்சு முட்டும்வரை ‘ஆ’ சொல்ல வைப்பார். “கூச்சப்படாம வாயத் தொறங்க, நான் பல் டாக்டர் ஒண்ணும் இல்ல” என்பார். பயந்து வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

நோயாளிகளின் குரலோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் குரல் தேவைப்பட்டது. திட்டத் தலைவர் ஆபீஸ் ஆட்களையே உட்கார வைக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். தினமும் வேலைக்கு வருகிறார்களே, அது போதாதா என்றார். வராவிட்டால் வேலை போய்விடும் என்று வருகிறவர்களும் அவருக்கு ஆரோக்கியமானவர்கள்தான். நானும் ‘நார்மல்’ என்று ஒரு பட்டியல் போட்டேன்.

முதலில் உட்கார்ந்தது அக்கா. ‘ஆ’ சொல்லி முடித்து, “எனக்கு மிஷின் என்ன சொல்லிச்சு, தம்பி?” என்றார். நீங்கள் நார்மல் பட்டியல், உங்களுக்கு ரிசல்ட் கிடையாது என்றேன். “நார்மலுன்னு ஆபீஸ்லயே எழுதியாச்சா? வீட்ல ஒரு ஆளும் நம்பமாட்டாங்க” என்று சிரித்தார். அவர் பெயருக்கு நேரே அதைத் தட்டியது என் விரல்.

மேட மாதக் கோடை வெயிலில், ஃபேன் நின்ற அறையில், அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆபீஸ் போனை எடுத்தால் எதிர்முனையில் ஆண் என்று நினைத்து, அண்ணனை அழைப்பதுபோல் ‘சேட்டா’ என்று அழைத்தார்கள். “சேட்டன் சாயா குடிக்கப் போயாச்சு, இது சேச்சியாக்கும்” என்பார். எல்லோரும் சிரித்தோம். நாள் முழுக்கக் குரல்களைப் பற்றியே பேசுகிற இடத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாவு வீட்டில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தைராய்டு முற்றி உடம்பே குளிர்ந்துபோயிருக்கிறது, முன்பே ஏன் காட்டவில்லை என்று டாக்டர் திட்டினாராம். “எத்தனையோ தடவ கூப்பிட்டேன் தம்பி. ஆபீஸ்ல மிஷின்ல பாத்தாச்சு, நார்மலாக்கும்னு சொல்லிட்டா.” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்தவன் என்று ஆறுதலுக்குச் சொன்னார். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அக்காவின் குரலை ஆரோக்கியம் என்று படித்த அந்த மிஷின் அடுத்து போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. ஸ்வெட்டரும் கட்டிய தொண்டையுமாகப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். எத்தனை பேரை அது நார்மல் என்று திருப்பி அனுப்பும்? தலைவரிடம் சொன்னேன். ஒரு குரல்தானே, நீக்கிவிடு என்றார். மற்றவர்களின் ரத்தத்தை யார் பார்த்தார்கள்? வாட்ச்மேன், கேன்டீன் சேச்சி, பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் நான்? எல்லோருக்கும் பரிசோதனை முடியும்வரை மிஷின் மலை ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவின் குரல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் திறக்கத் தைரியம் இல்லை. அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்த ஒரு கேள்விதான். நேற்று கேன்டீன் சேச்சியும் அதையே கேட்டார், தன் குரலுக்கு மிஷின் என்ன சொன்னது என்று. தெரியாது என்றேன். நாளை என்னோடு ரத்தம் கொடுக்க வரச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கரகரத்தது.