மனுக்காரரின் ஆறு வார விடுப்பு

அந்தப் பெரிய கணினி நிறுவனத்தில் அவருக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். பதினொரு ஆண்டுகள் ஓட்டை தேடியே பழகிய கண், உணவுக்கூடத்தில் மட்டும் சும்மா இருக்குமா? சூப் ஆறியிருந்தால் ஒரு மனு. குட்டித்தூக்க அறையில் தலையணை தட்டையாக இருந்தால் ஒரு மனு. உடற்பயிற்சிக் கூடத்துத் துண்டு சொரசொரப்பாக இருக்கிறது என்று இன்னொன்று, படத்துடன். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த ஏழு மாடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனுக்காரர் என்றால் வரவேற்பறைப் பெண்கூட மூன்றாவது மாடி என்று கை காட்டுவாள்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் கடிந்து பேசியதில்லை. எந்த மனுவையும் 'அன்புடன்' என்று போடாமல் முடித்ததில்லை. வரவேண்டியது வந்து சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கட்சி. மூன்று வேளைச் சாப்பாடு, துணி வெளுப்பு, முடிவெட்டு எல்லாம் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். வீடு அவருக்குத் தூங்கி எழும் இடம்.

மாலை நான்கு மணிக்கு வைக்கும் வறுத்த பாதாம் பருப்பை நிறுவனம் ஒரு திங்கட்கிழமை நிறுத்தியது. கிண்ணத்தில் வேர்க்கடலை இருந்தது. மனுக்காரர் ஒன்றைக்கூட வாயில் போடாமல் இருக்கைக்குத் திரும்பி, 'பாதாம் பருப்பும் பணியாளர் மாண்பும்' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பலர் பாதாமைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள்.

அவருடைய மேலாளர் கெட்டிக்காரப் பெண்மணி. மனுவைக் கையில் வைத்துக்கொண்டே அவரை அறைக்கு அழைத்தார்.

"உங்க எழுத்துல அக்கறை தெரியுது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை வேணும்னு ஒரு குழு ஆரம்பிக்கிறோம். நீங்கதான் தலைவரா இருக்கணும்."

பாதாம் திரும்பி வரவில்லை. தலைவர் பதவியில் அது அவருக்கு உறைக்கவும் இல்லை.

குழு மும்முரமாக இயங்கியது. ஆறு மணிக்கு முன்னால் யாருக்கும் கை ஓயாது என்பதால் கூட்டத்தை ஆறு மணிக்கு வைத்தார்கள். பணியாளர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போக என்ன வழி என்று எட்டரை வரைக்கும் விவாதித்தார்கள்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் அறுவை அரங்குச் செவிலியர். அங்கே சமநிலைக் குழு கிடையாது. உட்கார நாற்காலி கிடைப்பதே அபூர்வம்.

"இன்னைக்கு சமநிலை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"பெரிய விஷயம் ஒண்ணு முடிச்சிட்டோம். குடும்ப நலன் விடுப்பு. வீட்ல யாருக்காவது முடியலன்னா ஆறு வாரம், முழுச் சம்பளத்தோட."

"நல்லது. எனக்கு எப்ப முடியாமப் போகணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. நானும் லீவு சொல்லணும்."

மனைவியின் வாய் முகூர்த்தமோ என்னவோ, இரண்டு மாதம் கழித்து அவர் மாடிப்படியில் இறங்கும்போது, ஒரு படி மிச்சம் இருக்கையிலேயே தரை என்று நினைத்துக் காலை விட்டார். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு.

அந்த விடுப்பை முதன்முதலில் எடுத்தவர் மனுக்காரர்தான். மூன்றாவது மாடியில் எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்தி அனுப்பினார்கள். படிக்காமல் கிடந்த மூன்று தடிப் புத்தகங்களையும், ஒரு கிதாரையும் தூசி தட்டி எடுத்து வைத்தார்.

கிதாரை உறையிலிருந்து எடுக்கவே நேரம் வரவில்லை. முதல் நாளே மகளின் வெள்ளைச் சீருடையோடு ஒரு சிவப்புத் துண்டையும் போட்டுத் துவைத்தார். ஒன்பது வயது மகள் ரோஜா நிறத்தில் பள்ளிக்கூடம் போனாள். மூன்றாம் நாள் காலை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முட்டையில் ஓடு இருந்தது, ரொட்டி ஈரமாக இருந்தது, தண்ணீர்ப் புட்டியின் மூடி இறுகவில்லை, நடவடிக்கை எடுக்கவும், அன்புடன் என்று எழுதியிருந்தது.

தாளைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டா?"

"என்னைக் கேக்காதீங்க. எங்க பக்கத்து ஆளுங்க மனு எழுத மாட்டாங்க."

அன்று மதியம் மனைவிக்கு சூப் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார். அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார்.

"ஆறிடுச்சு," என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல் மனுக்காரரைக் குடைந்தது. பதினொரு ஆண்டுகளில் அதையே எத்தனை விதமாக எழுதியிருப்பார். கீழே வந்து அலுவலக உணவுக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவர் தலைமைச் சமையல்காரம்மா. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்.

"சூப் ஆறிடுச்சா சார்?"

"ஆமாங்க. ஆனா இது நான் வெச்ச சூப்."

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும்.

"கிண்ணத்தை முதல்ல வெந்நீர்ல அலசிட்டு ஊத்துங்க. மூடி எடுத்துட்டுப் போங்க. போனதும் குடிக்கச் சொல்லுங்க."

"அப்ப நம்ம ஆபீஸ்ல ஏன் ஆறுது?"

"நீங்க வாங்கிட்டுப் போய் மேஜையில வெச்சுட்டு போனைப் பாக்கறீங்க சார். கண்ணாடி வழியா எனக்குத் தெரியும். கால் மணி நேரம் ஆகும்."

மனுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, பார்க்க ஆள் இல்லை.

அதன்பிறகு தினமும் காலை பத்து மணிக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. உருளைக்கிழங்கு அடிப்பிடிப்பது, சோறு குழைவது என்று அவருக்கு ஊர்ப்பட்ட சந்தேகம். சமையல்காரம்மாவும் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வார். நான்காவது வாரம் மனுக்காரர், பேச்சுவாக்கில், "உங்க வீட்டுக்காரருக்கு முதுகு ஆபரேஷன் நடந்துதுன்னீங்களே, அப்ப எத்தனை நாள் லீவு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு ஏது சார் லீவு? நாங்க ஒப்பந்தத்துல வர்றவங்க. காலையில அவரை உள்ள அனுப்பிட்டு, இங்க வந்து மதியச் சாப்பாடு போட்டுட்டு, சாயங்காலம் போய்ப் பாத்தேன். மூணு பக்கத்துக்கு சூப் பத்தி எழுதியிருந்தீங்களே, அன்னைக்குத்தான். தேதி ஞாபகம் இருக்கறதால சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? அடுப்பில் கிழங்கு கருகும் வாசனை மாடிவரை போயிற்று. என்ன ஆயிற்று என்று மனைவி குரல் கொடுத்தார். போய்ச் சொன்னார்.

"உங்க தீர்மானத்துல அவங்க இல்லையா?"

"யோசிக்கவே இல்ல."

"இப்ப யோசிச்சாச்சுல்ல, எழுதுங்க. உங்களுக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதானே."

அரைப் பக்கம் எழுதினார். அவர் எழுதியதிலேயே சிறியது அதுதான். சமையல், துப்புரவு, காவல் ஆட்களுக்கும் அதே ஆறு வாரம் வேண்டும். ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பியதும் சுற்றுக்கு விட்டார். முதல் வாரம் முப்பத்தொன்பது கையெழுத்து. பாதாமுக்கு முதல் ஆளாக ஓடிவந்தவர், "நியாயம்தான், ஆனா நம்ம ஆறு வாரத்துல கை வெச்சுட்டாங்கன்னா?" என்று நழுவினார். மனுக்காரர் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மேஜையாக நின்று பேசினார். எழுதத்தான் அவருக்கு வரும். பேசினால் நாக்கு உலர்ந்துவிடும். ஒரு மாதத்தில் நூற்று எழுபது பேர் சேர்ந்தார்கள்.

"இது நம்ம வரம்புக்குள்ள வராதே," என்றார் மேலாளர்.

"அவங்க வைக்கிற சூப் மட்டும் நம்ம வரம்புக்குள்ள வருதே, மேடம்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மேலாளர் பேனாவை மூடி, தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

நான்கு மாத இழுபறிக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்து நாள் என்று முடிவானது. உணவுக்கூடத்தின் பின்கதவு வழியாக உள்ளே போன மனுக்காரருக்குத் தலை நிமிரவில்லை.

"ஆறு வாரம் கேட்டேன். பத்து நாள்தான் குடுத்தாங்க."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோட."

சமையல்காரம்மா கரண்டியை வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து மனுக்காரர் பார்த்ததே இல்லை. பிறகு, "வழியில நிக்கிறீங்க, சாப்பாட்டு வண்டி வரும்," என்று எழுந்துவிட்டார்.

கணவருடைய மறு சிகிச்சைக்காக அவர் முதல் நான்கு நாளை எடுத்தார். அந்த நான்கு நாளும் உணவுக்கூடத்துச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. குழுவுக்கு அறுபத்து மூன்று புகார்கள் வந்தன. தலைமைச் சமையல்காரர் விடுப்பில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார் என்று மனுக்காரர் தனித்தனியாகப் பதில் போட்டுவிட்டு, உப்பில்லாத சோற்றைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். குழுக் கூட்டத்தையும் மதியம் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே மின்தூக்கியில் காற்று போதவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு கையெழுத்துக்குக் கிளம்பினார். சமையல்காரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முதல் கையெழுத்தைப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பின்பக்கம் சாமான் ஏத்தற லிஃப்ட் ஒண்ணு இருக்கு சார். அதுல காத்தே வராது. அதையும் சேத்துக்கங்க," என்றார்.

மனுக்காரர் அங்கேயே நின்று, பேனாவை வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார்.