பொன்முடியில் என்மேல் கட்டிய பாட்டு

தேயிலைக் கொளுந்து கிள்ளினால் விரலில் ஒரு பச்சை வாடை ஒட்டிக்கொள்ளும்... சோப்பு, புளி, தேங்காயெண்ணெய், எதற்கும் போகாது. என் விரலில் அது ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவனந்தபுரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது தன்னடக்கம்... பல்கலைக்கழகத்தின் கூரையே என் தோளில்தான் நின்றது. மொழியும் பாட்டும் ஒரு சமூகத்தை எப்படி உருவாக்குகின்றன, 'நான் இன்னார்' என்று ஒருவன் சொல்லிக்கொள்ள அவை எப்படிக் கைகொடுக்கின்றன என்று ஒரு பேப்பர். அதற்குப் பரீட்சை கிடையாது. வேலை செய்பவர்கள் பாடும் பாட்டை டேப்பில் பிடித்து வந்து, வகுப்பில் போட்டு, வரிவரியாக விளக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் பாஸ் இல்லை.

வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழன். திருவனந்தபுரத்திலேயே, ஸ்ரீவராகத்தில் பிறந்தவன். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம், கனவில் கைக்கு எது கிடைத்ததோ அது. இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா... "பொன்முடி எஸ்டேட்டில் கலப்படமே இல்லாத தமிழ்ப் பாட்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன்" என்று எங்கள் ஸார் முன்னால் சபதம் செய்துவிட்டேன். பாட்டைக் கேட்பதற்கு முன்பே முடிவுரையும் எழுதியாயிற்று. பதினோரு பக்கம்.

டிபார்ட்மெண்டின் ஒரே டேப் ரெக்கார்டர் ஒரு நாளைக்கு என் கையில். யானைக்குட்டி கனம். காலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறினேன். திரும்ப மத்தியானம் ஒரே பஸ். அதனால் மலையில் இறங்கியதிலிருந்து நான் பாட்டைத் தேடியதைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

சரிவில் ஏழெட்டுப் பெண்கள் கொளுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

"நான் யூனிவர்சிட்டிலேர்ந்து வரேன். உங்க பாட்டு ஒண்ணு வேணும், கேட்டேளா. மலையாளம் கலக்காம, சுத்தமா."

"பாட்டைக் கழுவிட்டா தரணும், சாரே?" என்றார் பேச்சியம்மா. சரிவே சிரித்தது.

"சும்மா நிக்கிற ஆளுக்கு நாங்க பாட மாட்டோம். பாட்டு வேணும்னா எங்க கூட நிரையில நின்னு கிள்ளும்."

அது அவர்கள் வழக்கமாம். வேலை செய்யாதவன் காதுக்குப் பாட்டு இல்லை. ஆக, கழுத்தில் ரெக்கார்டர், முதுகில் கூடை, காலில் பெல்பாட்டம்... அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த மேகங்கள் அரை மைல் தள்ளிப் போயின. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள வேண்டும். நான் கிள்ளியதில் பாதிக் கிளை வந்தது.

"செடிய விட்டுட்டு வாரும், சாரே. அது அடுத்த வருசமும் வேணும்."

ஆனால் பாட்டு வந்தது. பேச்சியம்மா எடுக்க, மற்றவர்கள் வாங்க, சரிவெல்லாம் பாட்டு. கையும் ஓடியது, வாயும் ஓடியது. நான் பட்டனை அமுக்கினேன். கண் கடிகாரத்தில் இருந்ததால் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால்...

*பெல்பாட்டம் போட்ட ஸாரு பெட்டி தூக்கி வந்தாரு,*
*கொளுந்து கிள்ளச் சொன்னாக்கா கொம்ப ஒடிச்சுப் போட்டாரு.*
*தமிழுன்னு சொல்லுதாரு, தாளம் மட்டும் வேறடி,*
*எவிடெயாணு வீடுன்னு எங்க ஸாரே சொல்லுங்க.*

மொத்த டேப்பும் இதுதான். பரம்பரைப் பாட்டு ஒன்றுகூட இல்லை. என்னைப் பார்த்ததும் என்மேலேயே கட்டியிருக்கிறார்கள். அதிலும் மலையாளம் வேறு. வகுப்பில் போட்டால் மானம் போகும், அழித்தால் பேப்பர் போகும். ஒரு வாரம் மொட்டை மாடியில் நடந்தேன். அந்த நடையை நேராகப் போட்டிருந்தால் காசி போய்த் திரும்பியிருப்பேன்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். வகுப்பில் யாருக்குத் தமிழ் தெரியும்? டேப்பைப் போட்டேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இது மலையின் அழகை வர்ணிக்கும் தொன்மையான பாடல்" என்று மலையாளத்தில் விளக்கினேன்.

ஸார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடோ, பெல்பாட்டம் மலையுட அழகாணோ?"

வகுப்பு என் காலைப் பார்த்தது. அன்றும் அதே பேண்ட்.

"எவிடெயாணு வீடு என்னு அவர் சோதிச்சது தன்னோடல்லே?" உன் வீடு எங்கே என்று அவர்கள் கேட்டது உன்னைத்தானே என்கிறார். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த மலையாளச் சொற்கள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தன.

சிரிப்பு ஓயப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பின் ஸார், "மார்க் வேணமெங்கில் அதின் உத்தரம் எழுது" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமாம்.

பதினோரு பக்கத்தையும் கிழித்தேன். எங்கள் வீட்டில் எதை எந்த மொழியில் திட்டுவார்கள், அம்மா அடுப்படியில் ரேடியோவோடு சேர்ந்து எந்த மொழியில் முணுமுணுப்பாள், நான் பொய் சொல்லும்போது எந்த மொழி முந்திக்கொண்டு வருகிறது... முப்பது பக்கம். பாஸ்.

இன்று இதே படிப்புக்கு என்னென்னவோ பெயர் இருக்கிறது. பாட்டைப் பிடிக்க யாரும் மலை ஏற வேண்டாம், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தால் போதும். பாடுகிறவர்களும் கூடையை நீட்டி, வா, கூட நின்று கிள்ளு என்று சொல்வதில்லை. வசதிதான். எனக்குத்தான் இன்னும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை...

கேட்டது பேச்சியம்மா. நானோ முப்பது பக்கமும் ஸாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மார்க்கை வாங்கிக்கொண்டேன். கேட்டவரிடம் போய் ஒரு வரி சொல்லவில்லை.