சிவந்த கண்ணும் காய்ச்சிய கரண்டியும்

காய்ச்சல்காரன் வருவான், கால் உடைந்தவன் வருவான்; மருந்துக்காரன் வீட்டில் சும்மா வந்து உட்கார மட்டும் ஆள் கிடைக்காது. கோப்பித் தோட்டங்களில் மருந்துப் பெட்டியும் தாமுமாகக் கிடக்கிற சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கண்டி மலையில், மடுல்கெல்லைத் தோட்டத்தில், பேச்சுத்துணைக்கு நான் ஏங்கிய ஏக்கம் என் குயினைன் போத்தல்களுக்குத்தான் தெரியும்.

கண்நோய்

ஸ்டோரில் கோப்பி காயப்போடும் மாடசாமிக்கு இரண்டு கண்ணும் செக்கச்செவேலென்று சிவந்து, வெளிச்சமே ஆகாமல் போனது. கண்நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கூலிகளின் வரிசை அறைகளான லயத்தில் ஒரே பயம். அவனைக் கடைசிக் காம்பறாவில் தனியே போட்டுவிட்டார்கள். தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவது என்று கங்காணி முடிவு கட்டியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். கண்ணில் பீளை இல்லை. முகம் அதைத்து வீங்கியிருந்தது, காலை அமுக்கினால் குழி விழுந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மாடசாமியின் மூத்திரத்தைக் கரண்டியில் எடுத்து விளக்கில் காய்ச்சினேன். வெள்ளையாகத் திரண்டது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, கண் அழற்சியும் அதைச் சேர்ந்ததுதான், யாருக்கும் ஒட்டாது என்று அடித்துச் சொன்னேன்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கண்ணு மேல இருக்கு, மூத்திரம் கீழ இருக்கு. ரெண்டுக்கும் என்னாங்கய்யா சம்பந்தம்?”

விரதம்

கெஞ்சிக் கூத்தாடி மாடசாமிக்குத் தவணை வாங்கிவிட்டேன். வினை எனக்கு வந்தது. கரண்டிக் கதை தோட்டம் முழுக்கப் பரவியது. என்னிடம் இரண்டு கரண்டி: ஒன்று கோப்பி கலக்க, மற்றது மூத்திரம் காய்ச்ச. காய்ச்சுகிற கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் கட்டி, சன்னலுக்கு வெளியேதான் தொங்கவிட்டிருந்தேன். யார் நம்பினார்கள்?

ஞாயிறுதோறும் ஒரு கோப்பி குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிப் போகும் கணக்கப்பிள்ளை ஒருவர்தான் எனக்கென்று இருந்தார். அவரும் வாசலோடு நின்றார். இன்றைக்கு விரதம் என்றார். “போன கிழமையும் விரதம் எண்டியளே?” என்று கேட்டேன்.

“ஒங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம் விரதந்தாங்க.”

எட்டிப் பார்த்த கங்காணி

மாடசாமியின் காம்பறாவை இருட்டாக்கி, கண்ணுக்குப் பெல்லடோனாத் துளி விட்டேன். பாலும் உப்பில்லாக் கஞ்சியும்தான் சாப்பாடு. அவன் பெண்சாதிகூட வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நான் நெடுநேரம் பக்கத்தில் இருந்தேன். துளி விட அவ்வளவு நேரம் எடுக்காது; பேச ஆள் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

வீக்கம் மெல்ல வற்றியது, சிவப்பும் இறங்கியது. ஒருநாள் அவனே நடந்து என் வீட்டுக்கு வந்தான். கங்காணியும் கூட வந்திருந்தார். காய்ச்சினேன், கரண்டியில் தெளிந்த நீர். எட்டிப் பார்த்த கங்காணி, நாளைக்கே பேர் போடலாம், வேலைக்கு வரட்டும் என்று சொல்லி, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

மாடசாமி போகவில்லை. அடுப்பில் இருந்த கோப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். குடிக்கிறாயா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. “மற்றக் கரண்டி இருக்கு... அது வேற...” என்று இழுத்தேன்.

அவன் சட்டென்று உட்கார்ந்தான். “மாத்திக் கலக்குனாலும் பரவால்லீங்கய்யா, அதுல காஞ்சது எம் மூத்திரந்தானே! ஊத்துங்க.”

மருந்துக்காரனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? அன்று எனக்குக் கழுவ இரண்டு கோப்பை இருந்தது.